மிசை, பூசை, திருப்பலி

பூதலூரில் ரயிலை விட்டிறங்கித் திருக்காட்டுப்பள்ளி வழியாகப் பூண்டி மாதா கோயிலுக்குப் போகும் பெரியவர்கள், “பூசைக்கு நேரமாச்சு” என்பார்கள். திருச்சபை ஏடுகளில் இன்று அதன் பெயர் ‘திருப்பலி’. இரண்டுக்கும் முன்பு இன்னொரு சொல் இருந்தது: ‘மிசை’.

16ஆம் நூற்றாண்டில் முத்துக்குளித்துறைக்கு வந்த இயேசு சபையினர், ‘மிசா’ என்ற போர்ச்சுகீசியச் சொல்லையே தமிழில் ‘மிசை’ என்று ஒலித்தார்கள். 1606இல் மதுரைக்கு வந்த இத்தாலியர் இராபர்ட் தெ நொபிலிக்கு அது ஒப்பவில்லை. தமிழர் காதில் அது ‘மீசை’ என்று விழுகிறதே என்றார். சந்நியாசிக் கோலம் பூண்ட அவர், கோயில், குரு, பிரசாதம் ஆகியவற்றோடு ‘பூசை’யையும் எடுத்துக்கொண்டார்.

பூசையின் வேரும் தகராறுக்குரியது. ‘பூ செய்’ என்பதே பூசையாயிற்று என்பர் சிலர். சந்தனமும் எண்ணெயும் ‘பூசு’வதிலிருந்து வந்தது என்பர் வேறு சிலர். வடமொழி ‘பூஜா’வே திராவிடக் கடன் என்பது இவ்விரு தரப்புக்கும் பொது. வழக்கு இன்னும் தீரவில்லை. பழந்தமிழில் பூசை என்றால் பூனையும்தான். கம்பரின் அவையடக்கத்தில் பாற்கடலை நக்க வருவது அந்தப் பூசையே. மீசைக்குத் தப்பிய சொல் பூனையிடம் மாட்டிக்கொண்டது!

இதே இயேசு சபையினர் கிழக்காசியாவில் பட்ட பாடு வேறு. 1549இல் ஜப்பானில் இறங்கிய சவேரியார், கடவுளை ‘தைநிச்சி’ என்று அறிவித்தார். அது பௌத்தர்களின் வைரோசன புத்தர் பெயர் என்று தெரிந்ததும் ‘தேயுஸ்’ என்ற இலத்தீனுக்கே திரும்பினார். வழிபாட்டுக்கும் ஜப்பானியக் கத்தோலிக்கர் இன்றுவரை ‘மிசா’ என்றே சொல்கிறார்கள், சீனரும் அப்படியே. தமிழர்தான் மிசாவை விட்டார்கள்.

சொல் தமிழானாலும் சடங்கு இலத்தீனிலேயே நடந்தது. வீரமாமுனிவர் கொள்ளிடக் கரை ஏலாக்குறிச்சியில் தங்கிப் பணியாற்றிய காலத்திலும் அதுதான் நிலை. பூண்டிக் கோயிலை எழுப்பியவர் அவரே என்பது மரபு. சனங்கள் ‘பூசை கண்டார்கள்’. சாமி தரிசனத்துக்கு உரிய வினை அது.

இரண்டாம் வத்திக்கான் சங்கத்துக்குப் (1962–65) பிறகு வழிபாடு தமிழுக்கு வந்தது. ‘பூசை’ பேச்சுக்கு ஒதுங்கி, ஏடுகளில் ‘திருப்பலி’ ஏறியது. கோயில் வாடை போகட்டும் என்று யாரேனும் எண்ணியிருந்தால் அது பலிக்கவில்லை. சோழர் கல்வெட்டுகளில் வரும் ‘ஸ்ரீபலி’யில் ஸ்ரீயைத் திரு ஆக்கினால் கிடைப்பதும் திருப்பலிதான்.