சேந்தமங்கலத்துச் சாரா

போன வாரம் மகள் வீட்டுக்குக் கொச்சி போயிருந்தேன். "அம்மா, கடற்கரை பார்த்தது போதும், உங்களுக்குப் பிடித்த மாதிரி ஓர் இடம் இருக்கிறது" என்று சொல்லிப் பறவூர் பக்கம் அழைத்துப் போனாள். ஊர் பெயர் சேந்தமங்கலம். நம் நாமக்கல் பக்கத்துச் சேந்தமங்கலம் அல்ல, கேரளத்தில் எர்ணாகுளம் மாவட்டத்தில் இருப்பது. கைத்தறி வேட்டிக்குப் பேர் போன ஊர். கொச்சி அரசர்களுக்குத் தலைமை அமைச்சர்களாக இருந்த பாலியத்தச்சன்கள் வாழ்ந்த ஊர். கோயில், மசூதி, மாதா கோயில், யூதர்களின் ஜெப ஆலயம் நான்கும் நடந்து போகிற தூரத்தில் இருக்கின்றன.

ஜெப ஆலயத்தில் இப்போது ஜெபம் நடப்பதில்லை. 1948இல் இஸ்ரேல் நாடு பிறந்த பிறகு, 1950களில் இந்த ஊர் யூதர்கள் அங்கே குடியேறிவிட்டார்கள். யாரும் விரட்டிப் போனவர்கள் அல்லர், விரும்பிப் போனவர்கள். கட்டடத்தை அரசு பழுதுபார்த்து அருங்காட்சியகமாக வைத்திருக்கிறது. உள்ளே மரக்கூரையில் வண்ண வண்ணத் தாமரைகள். பெண்கள் அமர்வதற்கு மேலே தனி மாடம். எல்லாம் அழகுதான். ஆனால் நான் நெடுநேரம் நின்றது வெளியே, முன்புறத்தில் வைத்திருக்கும் ஒரு கல்லின் முன்னால்.

அது ஒரு கல்லறைக் கல். எபிரேய எழுத்து, வலமிருந்து இடமாகப் படிக்க வேண்டும். ஆண்டு 1269. இந்தியாவில் கிடைத்த எபிரேயக் கல்வெட்டுகளில் மிகப் பழையதாக இதைச் சொல்கிறார்கள். அதில் உள்ள பெயர் 'சாரா பத் இஸ்ரேல்'. 'பத்' என்றால் மகள். இஸ்ரேலின் மகள் சாரா. இங்கே இஸ்ரேல் நாட்டின் பெயரல்ல, தகப்பனின் பெயர்.

பழைய பழக்கம் விடுமா? 1269 என்றதும் மனது கரும்பலகைக்குப் போய்விட்டது. ஏழாம் வகுப்பில் உங்களுக்குப் பிற்காலப் பாண்டியர்களை நடத்தினேனே, அந்தக் காலம். மதுரையில் மாறவர்மன் குலசேகர பாண்டியன் பட்டத்துக்கு வந்து ஓராண்டுதான் ஆகியிருந்தது. சோழர் ஆட்சி முடிய இன்னும் பத்தாண்டு இருந்தது. மார்க்கோ போலோ இந்தப் பக்கம் இன்னும் வரவில்லை. பக்கத்தில் உள்ள கொடுங்கல்லூர்ப் பகுதிதான், மிளகு வாங்க யவனர் கப்பல்கள் வந்ததாக நம் சங்கப் பாடல்கள் சொல்லும் முசிறி. 1341இல் பெரியாற்றில் வெள்ளம் வந்து அந்தத் துறைமுகத்தின் காலம் முடிந்து கொச்சி எழுந்தது. அதற்கெல்லாம் முன்பே சாரா வாழ்ந்து முடித்துவிட்டாள்.

யூதர் என்றால் ஹிட்லர் காலத்துக் கொடுமையை மட்டும்தான் உங்களுக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறேன். இங்கே நமக்குப் பக்கத்தில் அவர்கள் ஆயிரம் ஆண்டு வாழ்ந்த கதையைச் சொன்னதில்லை. ஏறக்குறைய கி.பி. 1000இல் சேரமன்னன் பாஸ்கர ரவிவர்மன், ஜோசப் ரப்பான் என்ற யூத வணிகத் தலைவனுக்கு 72 உரிமைகள் கொடுத்துச் செப்பேடு எழுதித் தந்தான். பட்டயத்தில் அவன் பெயர் நம் வழக்கப்படி 'இசுப்பு இரப்பான்' என்று இருக்கிறது. எழுத்து வட்டெழுத்து. பாண்டி நாட்டுக் கல்வெட்டுகளில் இருக்கும் அதே எழுத்து. இன்னொன்றும் அதில் உண்டு. அந்த உரிமைகள் அவனுடைய ஆண்மக்களுக்கு மட்டுமல்ல, பெண்மக்களுக்கும், பெண்களைக் கட்டிய மருமக்களுக்கும் சேரும் என்று எழுதியிருக்கிறான்.

கேரளத்து யூதப் பெண்களுக்கு இன்னொரு வழக்கமும் இருந்தது. மலையாளத்தில் அவர்களுக்கென்றே பாட்டுகள் உண்டு. கல்யாணத்திலும் பண்டிகையிலும் பாடுவார்கள். அவற்றைக் கையால் நோட்டுப் புத்தகங்களில் எழுதி வைத்தார்கள். ஊரை விட்டுப் போகும்போது அந்த நோட்டுகளையும் கொண்டுபோனார்கள். ஆய்வாளர்கள் பிறகு அவற்றைத் தேடித் திரட்டிப் பதிப்பித்தார்கள். எழுதி வைத்ததால் பிழைத்தது.

இதையெல்லாம் யோசித்துக்கொண்டு நின்றபோது எனக்குச் சுருக்கென்றது. சாரா ராணியல்ல. அவள் என்ன செய்தாள், எத்தனை வயதில் இறந்தாள், ஒன்றும் எனக்குத் தெரியாது. ஆனால் எழுநூற்றைம்பது ஆண்டு கழித்தும் அவள் பெயரை நான் வாய்விட்டுச் சொல்கிறேன். என் அப்பத்தாவின் பெயர் எனக்குத் தெரியும், ரேஷன் கார்டில் இருந்தது. அப்பத்தாவைப் பெற்றவளின் பெயர் என்ன?

அன்று இரவே மதுரையில் இருக்கும் அத்தைக்குப் போன் போட்டேன். அவருக்கு எண்பத்து நான்கு வயது. "எல்லாரும் ஆத்தான்னுதான் கூப்பிடுவோம். பேரை யாரு கேட்டா, யாரு சொன்னா?" என்றார். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "நல்லா முறுக்குச் சுடும்" என்றார். ஒரு மனுஷியைப் பற்றி எங்களிடம் மிஞ்சியது அவ்வளவுதான். அவள் கணவரின் பெயரும், அவருடைய அப்பாவின் பெயரும் நிலப்பத்திரத்தில் பத்திரமாக இருக்கின்றன.

அப்போது இன்னொன்றும் நினைவுக்கு வந்தது. குடும்ப மரம் வரைந்து வரச் சொல்லி ஒவ்வோர் ஆண்டும் வீட்டுப்பாடம் கொடுப்பேனே, ஞாபகம் இருக்கிறதா? அப்பா, தாத்தா, கொள்ளுத்தாத்தா என்று ஒரே நேர்கோடாக வரைந்து வருவீர்கள். சிவப்பு மையில் 'மிக நன்று' போட்டு அனுப்பினேன். பாதி மரம்தான் இருக்கிறது என்று ஒரு தடவைகூட நான் கேட்கவில்லை. அது உங்கள் தவறல்ல, திருத்திய என் தவறு.

அதனால் பிள்ளைகளே, அந்த வீட்டுப்பாடத்தை இப்போது திருப்பித் தருகிறேன். உங்கள் அம்மாவிடம் அவருடைய அம்மாவின் பெயர், அந்த அம்மாவின் அம்மா பெயர், ஊர், தெரிந்த மட்டும் கேளுங்கள். கல்லில் வெட்ட வேண்டாம். ஒரு நோட்டில் எழுதினால் போதும். வயதானவர்கள் இருக்கும்போதே கேளுங்கள். நான் கேட்கத் தாமதித்துவிட்டேன்.

எழுதியவர்கள் இங்கே கீழே பெயரை மட்டும் போடுங்கள். நான் ஒவ்வொன்றாகப் படிப்பேன். இந்தத் தடவை கவனமாகத் திருத்துவேன்.