சோழர் கால வரலாற்று ஆய்வு

ஒன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதி முதல் 1279 வரை தமிழகத்தை ஆண்ட சோழரின் அரசியல், சமுதாயம், பண்பாடு பற்றிய ஆய்வு, இந்திய இடைக்கால வரலாற்றாய்வில் தனிப்பட்ட ஒரு துறையாகவே வளர்ந்திருக்கிறது. தில்லி சுல்தான்களுக்கு வரலாறு எழுதப் பாரசீக மொழியில் ஆசிரியர்கள் இருந்தனர். காஷ்மீர அரசர்களுக்குக் கல்ஹணர் இருந்தார். சோழருக்கு அப்படி ஒரு நூல் இல்லை. பரணியும் உலாக்களும் புகழ் பாடுகின்றனவே தவிர ஆண்டு சொல்வதில்லை. ஆகவே இத்துறை ஏறத்தாழ முழுவதும் கோயில் சுவர்களையும் செப்பேடுகளையும் நம்பி நிற்கிறது.

கல்வெட்டைப் பேணும் வழக்கம் சோழர் காலத்திலேயே இருந்தது. சோழ அரசி செம்பியன் மாதேவியார் திருக்கோடிக்காவல் கோயிலைக் கற்றளியாக எடுப்பித்தபோது, பழைய கல்வெட்டுகளைப் படியெடுத்துப் புதிய சுவரில் வெட்டச் செய்தார். அவை பழங்கல்லின் படி என்ற குறிப்பும் உடன் வெட்டப்பட்டது. திருமழபாடியில் முதலாம் ராஜராஜன் விமானத்தைப் பிரித்துக் கட்ட ஆணையிட்டபோது, சுவரில் இருந்தவற்றை முதலில் புத்தகத்தில் எழுதிக்கொண்டார்கள். ராஜேந்திரன் காலத்தில் அவை மீண்டும் கல்லேறின. இன்றைய திருப்பணிகள் பலவற்றில் காணாத கவனம் இது.

தொடக்க காலம்

காலின் மெக்கன்சி (1754–1821) திரட்டிய சுவடிகளும் கல்வெட்டுப் படிகளும் முதற்பெரும் தொகுப்பு. 1880களில் ராபர்ட் சீவெல் சென்னை மாகாணத் தொல்பொருள்களுக்குப் பட்டியல் வெளியிட்டார். ஆனால் முறையான ஆய்வு 1886இல் ஜெர்மானியரான ஓய்கன் ஹுல்ட்ஷ் சென்னை அரசின் கல்வெட்டாய்வாளராக அமர்ந்ததிலிருந்தே தொடங்குகிறது. தென்னிந்தியக் கல்வெட்டுகள் வரிசையின் முதல் தொகுதி 1890இல் வந்தது. தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகளைக் கொண்ட இரண்டாம் தொகுதி 1891 முதல் பகுதி பகுதியாக வெளிவந்தது.

அதுவரை தஞ்சைக் கோயிலைக் கரிகாலன் கட்டியதாகத் தலபுராணம் சொல்லி வந்தது. தானே எடுப்பித்ததாக ராஜராஜன் வெட்டிவைத்த சாசனம் சுவரிலேயே இருந்தும், அதைப் படிப்பார் இல்லை. அத்தொகுதி வந்தபின் ஐயத்துக்கே இடமில்லாமல் போயிற்று. கோயிற்பணிக்கு அமர்ந்த நானூறு தளிச்சேரிப் பெண்டுகள் எந்தெந்த ஊரிலிருந்து வந்தார்கள், எந்தச் சிறகில் எத்தனையாம் வீட்டில் குடியேறினார்கள் என்பது வரை அது காட்டியது. நிலம் அளந்த நுட்பமும் அதில்தான் வெளிப்பட்டது: ஒரு வேலியின் 5,242 கோடியே 88 லட்சத்தில் ஒரு பங்கு வரை கணக்கில் வந்திருக்கிறது.

படியெடுக்கும் முறை எளிது, உழைப்போ பெரிது. கல்லைத் தேய்த்துக் கழுவி, நனைத்த தாளை அதன்மேல் ஒட்டித் தூரிகையால் அடித்து அழுத்துவர். எழுத்துப் பள்ளங்களில் தாள் இறங்கியதும் மை ஒற்றுவர். எழுத்து வெள்ளையாகவும் மற்ற இடம் கறுப்பாகவும் நிற்கும். இந்த மைப்படியைக் கொண்டே வி. வெங்கையா (1864–1912), எச். கிருஷ்ண சாஸ்திரி, கே. வி. சுப்பிரமணிய ஐயர் ஆகியோர் படித்தனர். 1887 முதல் வந்த ஆண்டறிக்கைகள் இவர்கள் உழைப்பின் களஞ்சியம். பின்னாளில் புகழ்பெற்ற நூல்கள் பலவும் இந்த அறிக்கைகளின்மேல் எழுந்தவை என்பதை நினைத்துப் பார்ப்போர் குறைவு.

காலக்கணிப்பே முதல் இடர். சோழர் கல்வெட்டுகளில் சக ஆண்டு அரிது. அரசனின் ஆட்சியாண்டே இருக்கும். பெயரும் பலவற்றில் இராது. அடுத்தடுத்த மன்னர் மாறி மாறிப் பூண்ட ராஜகேசரி, பரகேசரி என்ற பட்டம் மட்டுமே நிற்கும். ராஜராஜன் தன் எட்டாம் ஆண்டு அளவில் தொடங்கிய, அரசன் புகழ் கூறும் மெய்க்கீர்த்தி முகப்பு இதற்குப் பெரிதும் கைகொடுத்தது. அதற்கு முந்திய கல்வெட்டுகளுக்கு எழுத்தமைதியும் வானியற்குறிப்பும்தான் துணை. நாள், திதி, நட்சத்திரம் குறித்த கல்வெட்டுகளைக் கணித்து, ராஜராஜன் அரியணை ஏறியது 985 ஜூன் 25க்கும் ஜூலை 25க்கும் இடையில் என்று ஜெர்மானிய அறிஞர் கீல்ஹார்ன் நிறுவினார். எல்.டி. சுவாமிக்கண்ணுப் பிள்ளையின் பஞ்சாங்க அட்டவணைகள் பிற்பாடு இக்கணக்கை எளிதாக்கின.

செப்பேடுகளில் ஆனைமங்கலச் செப்பேடு ஹாலந்தின் லெய்டன் நகருக்குக் கொண்டுசெல்லப்பட்டது. நாகப்பட்டினத்துச் சூடாமணி விகாரத்துக்கு ஊர் கொடுத்த செய்தி அதில் உள்ளது. 1905இல் கிடைத்த திருவாலங்காட்டுச் செப்பேடு 31 ஏடுகள் கொண்டது. ஆனைமங்கலச் செப்பேட்டையும் தஞ்சைக் கல்வெட்டின் கடாரப் படையெடுப்புப் பகுதியையும் பிற சான்றுகளோடு கொண்டு ஜார்ஜ் செதேஸ் 1918இல் சுமத்ராவில் ஸ்ரீவிஜயம் என்ற பேரரசை அடையாளம் கண்டார். சுமத்ராவின் வரலாறு தஞ்சைச் சுவரால் துலங்கியது இத்துறைக்கே பெருமை.

நீலகண்ட சாஸ்திரியும் பண்டாரத்தாரும்

கே. ஏ. நீலகண்ட சாஸ்திரியின் சோழர்கள் 1935, 1937ஆம் ஆண்டுகளில் இரு தொகுதிகளாக ஆங்கிலத்தில் வந்தது. 1955இல் திருத்திய பதிப்பு. சிதறிக் கிடந்த ஆயிரக்கணக்கான கல்வெட்டுச் செய்திகளைத் தொடர் வரலாறாக்கிய முதல் நூல் அது. டி. வி. சதாசிவ பண்டாரத்தார் (1892–1960) தமிழில் எழுதிய பிற்காலச் சோழர் சரித்திரம் 1949 முதல் அண்ணாமலைப் பல்கலைக்கழக வெளியீடாக மூன்று பகுதிகளில் வந்தது. சாஸ்திரிக்குக் கிடைத்த உலகப் புகழ் இவருக்குக் கிடைக்கவில்லை. ஆனால் ஊர்ப்பெயரிலும் இலக்கியச் சான்றிலும் இவர் காட்டிய தெளிவு தனி. சோழ இளவரசன் ஆதித்த கரிகாலன் கொலையில், பின்னர் அரசனான உத்தம சோழன்மேல் சாஸ்திரி கொண்ட ஐயத்தை மறுத்தவர் இவரே. உடையார்குடிக் கல்வெட்டு குற்றவாளிகளாகக் குறிப்பது பிரமாதிராயப் பட்டம் பூண்ட அதிகாரிகளைத்தான்; உத்தமன்மேல் பழிசுமத்த ஆதாரமில்லை.

உத்திரமேரூர் சாசனங்களை (919, 921) சாஸ்திரி பெரிதும் போற்றினார். குடும்பு எனும் முப்பது ஊர்ப் பிரிவுகளிலிருந்து குடவோலை இட்டு, வாரியம் எனும் குழுக்களுக்கு ஆள் எடுத்த முறை அது. சொந்த மனையில் வீடு, கால் வேலிக்கு மேல் வரி செலுத்தும் நிலம், 35க்கும் 70க்கும் இடைப்பட்ட வயது, வேதக் கல்வி ஆகியவை தகுதிகள். பிராமணர் ஊரான பிரமதேயத்தின் சபைக்குரிய இந்த ஏற்பாட்டை ஊராட்சி அனைத்துக்கும் பொதுவாகப் பேசுவது பொருந்தாது.

எண்ணிப் பார்த்தவர்கள்

1980இல் பர்ட்டன் ஸ்டைன், கிழக்கு ஆப்பிரிக்காவின் அலூர் மக்களைப் பற்றி எயிடன் சவுத்தால் உருவாக்கிய கூறாக்க அரசு என்ற கருத்தைச் சோழருக்குப் பொருத்தினார். அரசனுக்குச் சடங்கு வழி மேலாண்மை மட்டுமே, அதிகாரம் நாடு எனும் வட்டாரங்களிடமே என்பது அவர் கட்சி. எ. சுப்பராயலுவும் ஜப்பானியரான நொபொரு கராஷிமாவும் (1933–2015) மறுப்பைக் கல்வெட்டிலிருந்தே தந்தனர். சோழர் காலத்தை 849–985, 985–1070, 1070–1178, 1178–1279 என நான்காகப் பிரித்து, ஆட்பெயர், பட்டம், வரிப்பெயர் அனைத்தையும் கணினியின் துணையோடு எண்ணினார்கள். நிலவரி நிர்வாகமான புரவுவரித் திணைக்களத்து அதிகாரிகள் இரண்டாம் கட்டத்தில் பெருகுவது தெரிந்தது. ராஜராஜன் 1001 வாக்கில் நிலமளந்து, நாடுகளை ஊடறுத்து வளநாடுகளை வகுத்ததும் மைய அரசின் வலுவுக்குச் சான்று. ஸ்டைனின் கோட்பாடு இவ்வெண்ணிக்கையின் முன் நிற்கவில்லை.

திருச்சிக்கு அருகிலுள்ள அல்லூர், ஈசானமங்கலம் என்ற இரு ஊர்களைக் கராஷிமா ஒப்பிட்டதும் முக்கியம். முன்னது ஊரார் நிலத்தைப் பொதுவில் வைத்திருந்த வேளாண் ஊர். பின்னது தனியுடைமை வேரூன்றிய பிரமதேயம். கடைசிக் கட்டத்தில் தனியுடைமை வேளாண் ஊர்களுக்கும் பரவியது.

கோயிற்சுவர் நிலமுடையோரின் ஆவணம். நிலமற்றோர் அதில் எல்லைக் குறிப்பாகவே வருகிறார்கள்: வரி நீங்கிய நிலங்களின் பட்டியலில், சுடுகாட்டுக்கும் கன்றுமேய்பாழுக்கும் பக்கத்தில் பறைச்சேரி, தீண்டாச்சேரி, கம்மாணச்சேரி. உழுதவர் பெயரை எந்த மெய்க்கீர்த்தியும் சொல்லவில்லை என்பது இந்த ஆதாரத்தின் ஆழ்ந்த குறை. தீண்டாமையின் பழமையை நிறுவும் சான்றும் அப்பட்டியலே. பெண்கள் நிலை சற்று வேறு. கோயிற்பெண்டிர் ஆடுவோராக வருவதைவிடக் கொடையாளராக வருவதே மிகுதி என்று லெஸ்லி ஓர் 2000இல் வெளிவந்த தம் நூலில் காட்டினார். வணிகக் குழுக்களையும் நகரங்களையும் ஆர். சம்பகலட்சுமி ஆராய்ந்துள்ளார்.

இன்றைய நிலை

கல்வெட்டாய்வு அலுவலகத்தோடு 1966இல் உதகையிலிருந்து மைசூருக்குச் சென்ற மைப்படிகளில் தமிழ்க் கல்வெட்டுகளுக்கு உரியவற்றைச் சென்னைக்கு மாற்றுமாறு 2021இல் சென்னை உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளை உத்தரவிட்டது. புதிதாகக் கண்டறியப்படும் கல்வெட்டுகள் தமிழகத் தொல்லியல் கழகத்தின் ஆவணம் இதழில் வெளியாகின்றன.