கத்திகளை விழுங்கிய மாலுமி

ஜான் கம்மிங்ஸ் ஓர் அமெரிக்க மாலுமி. 1799-இல் பிரான்சின் துறைமுக நகரொன்றின் அருகே வித்தைக்காரன் ஒருவன் கத்தி விழுங்குவதைப் பார்த்தார். அது கண்கட்டு வித்தை. இவரோ கப்பலுக்குத் திரும்பி, குடிபோதையில் தம் மடக்குக் கத்தியை உண்மையாகவே விழுங்கினார். தோழர்கள் தூண்டவே மேலும் மூன்று. அவற்றுள் மூன்று மலத்துடன் வெளியேறின. 1805-இல் பாஸ்டனில் விழுங்கிய 14 கத்திகளும் கடும் வலிக்குப் பின் வெளிவந்துவிட்டன. அந்த அதிர்ஷ்டமே வினையாயிற்று எனலாம். அதே ஆண்டு டிசம்பரில், ஆங்கிலேயக் கடற்படைக் கப்பலில் இருந்தபோது விழுங்கியவை உள்ளேயே தங்கின.

1807-இல் லண்டன் கைஸ் மருத்துவமனையில் சேர்ந்தபோது மருத்துவர்கள் அவரை நம்பவில்லை. எக்ஸ் கதிர் கண்டுபிடிக்கப்பட்டது 1895-இல்தான். மலம் இரும்பு கலந்து கறுத்திருந்ததைக் கண்ட பின்னரே ஐயம் தீர்ந்தது. நம்பியும் பயனில்லை, மயக்க மருந்து இல்லாத அக்காலத்தில் வயிற்றைத் திறக்க யார் துணிவார்? உண்ண இயலாமல் மெலிந்து 1809 மார்ச்சில் இறந்தார்.

பிணக்கூறாய்வில் இரைப்பையில் 30-க்கும் மேற்பட்ட துண்டுகள் கிடைத்தன; பல அமிலத்தால் அரிக்கப்பட்டிருந்தன. சிறுகுடலின் தொடக்கம் வளைந்திருப்பதால் நீண்ட, விறைப்பான பொருள்கள் அங்கே திரும்ப முடிவதில்லை. அதையும் தாண்டிச் சென்றவை இரண்டு. கத்தியின் வில் ஒன்று பெருங்குடலைத் துளைத்திருந்தது. ஓர் அலகு மலக்குடலின் குறுக்கே கிடந்து, அதன் நுனி இடுப்புத் தசையில் குத்தி நின்றது.