க்ரேஃபெல்டிலிருந்து திரும்பாதவர்

2017 மார்ச்சில் ஓர் இரவு. பார்சிலோனாவுக்கும் பிஎஸ்ஜிக்கும் சாம்பியன்ஸ் லீக் ஆட்டம். பாரிஸில் 4-0 என்று உதை வாங்கி வந்திருந்த பார்சா, சொந்த மைதானத்தில் மூன்று கோல் போட்டு மூச்சு விட ஆரம்பித்திருந்தது. 62ஆவது நிமிடத்தில் கவானி ஒன்று போட்டார். அவே கோல் விதிப்படி பார்சாவுக்கு இன்னும் மூன்று தேவை. எனக்கோ காலையில் ரிலீஸ். லேப்டாப்பை மூடிவிட்டுப் படுத்துவிட்டேன்.

88, 91, 95. கடைசி ஏழு எட்டு நிமிடத்தில் மூன்று கோல். 6-1. காலையில் ரூம்மேட் என்னைப் பார்த்த பார்வையை மறக்க முடியாது. "மச்சி, நிஜமாவே தூங்கிட்டியாடா?"

அந்தக் குற்ற உணர்ச்சியில்தான் பழைய ஆட்டங்களைத் தேடித் தேடி முழுசாகப் பார்க்க ஆரம்பித்தேன். இஸ்தான்புல் 2005, கேம்ப் நூ 1999 எல்லாம் எல்லோருக்கும் தெரிந்தவை. அப்படி மேய்ந்துகொண்டே போனதில் சிக்கியதுதான் 1986 மார்ச் 19 அன்று மேற்கு ஜெர்மனியின் க்ரேஃபெல்ட் நகரில் நடந்த ஆட்டம். கப் வின்னர்ஸ் கோப்பை, கால் இறுதி, இரண்டாவது ஆட்டம். பேயர் உர்டிங்கன் – டைனமோ ட்ரெஸ்டன்.

இரண்டு அணியும் ஜெர்மன். நாடுதான் வேறு வேறு.

உர்டிங்கன் க்ரேஃபெல்டின் ஒரு பகுதி, ரைன் நதிக்கரை. அணிக்குப் பின்னால் பேயர் ரசாயன நிறுவனம். முந்தைய ஆண்டு ஜெர்மன் கோப்பை இறுதியில் பேயர்ன் மியூனிக்கை 2-1 என்று தோற்கடித்துதான் ஐரோப்பாவுக்குள் வந்திருந்தார்கள். ட்ரெஸ்டனின் கதை வேறு. 'டைனமோ' என்பது கிழக்கு ஜெர்மனியில் காவல், பாதுகாப்புத் துறைகளின் விளையாட்டு அமைப்பு. அதன் தலைவர் எரிஷ் மீல்கே. ஸ்டாசி என்ற ரகசியப் போலீசுக்கும் அவர்தான் தலைவர். மீல்கேயின் செல்லப்பிள்ளை பெர்லின் டைனமோ. 1979 முதல் 1988 வரை தொடர்ந்து பத்து லீக் பட்டங்கள் அந்த அணிக்குப் போயின. ட்ரெஸ்டன்காரர்கள் எவ்வளவு நன்றாக ஆடினாலும் வீட்டில் இரண்டாவது பிள்ளைதான்.

அந்தப் பிள்ளை எல்லை தாண்டி ஆடப் போவதென்றால் அது வெறும் கால்பந்து இல்லை. 1979இல் பெர்லின் டைனமோவின் லுட்ஸ் ஐகன்டார்ஃப் மேற்கில் ஒரு ஆட்டத்துக்குப் போய்விட்டு அங்கேயே தங்கிவிட்டார். நான்கு ஆண்டுகள் கழித்து ஒரு கார் விபத்தில் இறந்தார். அதில் ஸ்டாசியின் கை இருந்ததா என்ற கேள்வி இன்றுவரை ஓயவில்லை. 1981இல் ட்ரெஸ்டன் அணியிலேயே வெபர், கோட்டே, முல்லர் என மூன்று பேரைத் தூக்கினார்கள். வெபருக்குச் சிறை. மற்ற இருவருக்கும் பெரிய லீக்கில் ஆட வாழ்நாள் தடை. 1986இல் பஸ் ஏறிய ஒவ்வொருவருக்கும் இந்தக் கதைகள் தெரிந்திருக்காமல் இருக்க வழியே இல்லை.

முதல் ஆட்டத்தை ட்ரெஸ்டன் 2-0 என்று வென்றிருந்தது. க்ரேஃபெல்டில் முதல் நிமிடத்திலேயே ரால்ஃப் மிங்கே கோல். வோல்ஃப்காங் ஃபுங்கல் 13இல் சமன் செய்தார். 35இல் ஃப்ராங்க் லிப்மான் மறுபடி ட்ரெஸ்டனை முன்னால் கொண்டுபோனார். 42இல் உர்டிங்கனின் போமர் தன் வலைக்குள்ளேயே பந்தை அடித்தார். இடைவேளையில் 3-1, மொத்தத்தில் 5-1.

கணக்கைப் பார்ப்போம். எனக்குக் கணக்கு பிடிக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள். உர்டிங்கன் நான்கு கோல் போட்டால் மொத்தம் 5-5. ஆனால் ட்ரெஸ்டனுக்கு வெளியூரில் மூன்று கோல், உர்டிங்கனுக்கு ஒன்றுமில்லை. அதனால் ஐந்து வேண்டும், 45 நிமிடத்தில். அதுவும் எதிரணி இன்னொன்று போடாமல். மானத்தைக் காப்பாற்றிக்கொள்வதுதான் இடைவேளையில் தங்கள் எண்ணமாக இருந்தது என்று வீரர்களே பின்னாளில் சொல்லியிருக்கிறார்கள்.

இடைவேளையில் இன்னொன்றும் நடந்தது. ட்ரெஸ்டன் கோல்கீப்பர் யாகுபோவ்ஸ்கிக்கு ஃபுங்கலோடு மோதியதில் தோளில் பலத்த அடி. அவருக்குப் பதில் இளைஞர் யென்ஸ் ராமே வந்தார். தடுமாறிக்கொண்டிருக்கும் அணி மீது பந்து மழை பொழியப்போகிற நேரத்தில், குளிர்ந்த உடம்போடு பெஞ்சிலிருந்து எழுந்து வந்த பையன்.

58இல் பெனால்டி, ஃபுங்கல். 63இல் ஐஸ்லாந்துக்காரர் குட்முண்ட்சன். 65இல் ஷேஃபர். இப்போது 4-3. பதின்மூன்று நிமிடம் ஒன்றும் இல்லை. அந்தப் பதின்மூன்று நிமிடம்தான் எனக்குப் பிடித்த பகுதி. ட்ரெஸ்டன் இந்த இடத்தில் ஒன்று போட்டிருந்தால் கதை முடிந்திருக்கும். 78இல் க்ளிங்கர். அடுத்த நிமிடமே இன்னொரு பெனால்டி, மறுபடி ஃபுங்கல். 6-3. ஐந்தாவது கோலும் வந்துவிட்டது. அப்போதும் ட்ரெஸ்டனுக்கு ஒரே ஒரு கோல் போதும், 6-6 என்று ஆகி அவே கோலில் அவர்கள்தான் போவார்கள். 86இல் ஷேஃபர் ஏழாவதைப் போட்டார். 28 நிமிடத்தில் ஆறு கோல்.

ஜெர்மனியில் இதை 'க்ரோட்டன்பர்க் அதிசயம்' என்பார்கள், அந்த மைதானத்தின் பெயரால். பெரும்பாலான நினைவுக் கட்டுரைகள் இங்கேயே முடிந்துவிடும்.

அன்றிரவு ஃப்ராங்க் லிப்மான் அணி தங்கியிருந்த ஹோட்டலிலிருந்து நழுவினார். திரும்பி வரவில்லை. 35ஆவது நிமிடத்தில் கோல் போட்டு அணியை அரையிறுதி வாசலுக்குக் கொண்டுபோன அதே ஆள். தடைக்காலம் முடிந்தபின் நியூரென்பர்க் அணிக்கு ஆடினார்.

எங்கள் வேலையில் சர்வர் விழுந்தால் மறுநாள் 'போஸ்ட்மார்ட்டம்' எழுதுவோம். எந்த நிமிடத்தில் என்ன ஆச்சு, ஏன் ஆச்சு. யாரையும் குறை சொல்லக் கூடாது என்பது விதி (சொல்லத்தான் செய்வோம்). கிழக்கு ஜெர்மனியில் அப்படி ஒரு விதி ஏது? வர்க்க எதிரியிடம் இப்படி ஒரு தோல்வி, கூடவே ஓர் ஆள் ஓட்டம். பயிற்சியாளர் க்ளாவ்ஸ் ஸம்மரின் பதவி அந்த சீசனோடு போனது. அவருக்குக் கீழ் ஆடியவர்களில் அவருடைய பதினெட்டு வயது மகனும் ஒருவர். பத்து ஆண்டுகள் கழித்து ஒன்றுபட்ட ஜெர்மனிக்காக யூரோ கோப்பையும், அதே ஆண்டு பாலன் டி'ஓரும் வாங்கிய மத்தியாஸ் ஸம்மர்தான் அந்தப் பையன். அந்த ட்ரெஸ்டன் தலைமுறையைச் சேர்ந்த உல்ஃப் கிர்ஸ்டன், சுவர் விழுந்த பிறகு, 1990இல் பேயர் லெவர்குசனுக்குப் போனார். அதே பேயர் கம்பெனியின் இன்னொரு அணி.

உர்டிங்கன் அரையிறுதியில் அட்லெட்டிகோ மாட்ரிட்டிடம் தோற்றது. 1995இல் பேயர் கைகழுவியது. அணி படிப்படியாகக் கீழ் லீக்குகளுக்கு இறங்கிப்போனது.

ரூம்மேட் இப்போது வேறு ஊரில் இருக்கிறான். போன மாதம் வந்திருந்தபோது இந்த ஆட்டத்தைப் போட்டுக் காட்டினேன், ஸ்கோரைச் சொல்லாமல். 3-1 ஆனதும் எழுந்துவிட்டான். "ஆட்டம் முடிஞ்சுதுடா. சாப்பிடப் போலாமா?" நான் பேசாமல் 35ஆவது நிமிடத்துக்குத் திருப்பி, கோல் போட்டவரைச் சுட்டிக் காட்டினேன். "இவர் இன்னைக்கு ராத்திரி வீட்டுக்குப் போக மாட்டார்" என்றேன். மறுபடி உட்கார்ந்தான்.