சாட்சிக் கூண்டில் செல்போன்

கொலை வழக்கின் அப்பீல் கட்டு மேசைக்கு வந்தால் என் ஜூனியர்கள் போஸ்ட்மார்ட்டம் அறிக்கையைத் தேடுவார்கள். நான் செல்போன் கம்பெனியின் நோடல் அதிகாரி அளித்த சாட்சியத்துக்குப் போவேன். அழைப்புப் பதிவோடு (சி.டி.ஆர்.) பழைய சாட்சியச் சட்டத்தின் 65பி பிரிவு கேட்ட சான்றிதழ் இருக்கிறதா? கையெழுத்துப் போட்டவர் யார்? இப்படித் தேடும் பழக்கம் எங்கள் தொழிலுக்கு அண்மையில் வந்ததுதான். அதற்கு முன் போன் சாட்சியத்தை எதிர்த்தவர்கள் அரசமைப்புச் சட்டத்தையே நம்பினார்கள், பெரும்பாலும் தோற்றார்கள்.

அந்தத் தோல்விக்கான அடித்தளம் செல்போன் வருவதற்கு வெகுகாலம் முன்பே போடப்பட்டுவிட்டது. சோதனையிலிருந்தும் பறிமுதலிலிருந்தும் அமெரிக்கர்களைக் காக்கும் நான்காவது திருத்தம் போன்ற ஒன்று நம்மிடம் இல்லை என்று 1954இல் எம்.பி. சர்மா வழக்கில் எட்டு நீதிபதிகள் சொன்னார்கள். 1961இல் காத்தி காலு ஒகாட் வழக்கில் பதினொரு பேர் உட்கார்ந்தார்கள். கைரேகையும் கையெழுத்து மாதிரியும் கேட்பது, ஒருவரைத் தனக்கெதிராகச் சாட்சி சொல்ல வைப்பதாகாது. தன் அறிவில் உள்ளதை வெளியிடும்படி கட்டாயப்படுத்தினால்தான் அரசமைப்பின் 20(3) பிரிவு குறுக்கே வரும் என்றார்கள்.

1972இல், சந்தேக மரணங்களை விசாரிக்கும் பம்பாய் கொரோனர் மல்கானியின் வழக்கு வந்தது. லஞ்சப் புகார். ஒரு டாக்டர் போனில் கொரோனரோடு பேச, அந்தப் போனோடு டேப் ரெக்கார்டரை இணைத்துப் போலீஸார் பதிவு செய்துகொண்டார்கள். தந்திச் சட்டம், 20(3), உயிரையும் தனிமனிதச் சுதந்திரத்தையும் காக்கும் 21 மூன்றையும் எடுத்து வாதாடியும் எதுவும் எடுபடவில்லை. கொரோனர் தானாகத்தானே பேசினார், யாரும் நெருக்கவில்லையே என்றது உச்ச நீதிமன்றம். நிரபராதியின் போன் பேச்சை நீதிமன்றம் காக்கும், குற்றவாளிக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை என்ற பொருளில் ஒரு வரியையும் சேர்த்தது. அந்த வரியை என்னால் இன்றுவரை ஏற்க முடியவில்லை. குற்றவாளி யார் என்பது வழக்கு முடிந்த பிறகுதானே தெரியும்?

நாட்டின் முதல் செல்போன் அழைப்பு 1995 ஜூலை 31 அன்று கல்கத்தாவிலிருந்து ஜோதி பாசு பேசியது. 2001 டிசம்பர் 13 நாடாளுமன்றத் தாக்குதல் வழக்கில் செல்போன் அழைப்புப் பதிவுகளே முக்கியச் சாட்சியமாகிவிட்டன. கணினிப் பதிவுக்குச் சான்றிதழ் கேட்ட 65பி பிரிவு 2000 அக்டோபரிலேயே நடைமுறைக்கு வந்திருந்தும், அழைப்புப் பட்டியலோடு அது இல்லை. பரவாயில்லை, சாட்சியச் சட்டத்தின் வேறு பிரிவுகளின்படி ஏற்கலாம் என்று 2005இல் உச்ச நீதிமன்றம் கூறிவிட்டது. அந்த வழக்கில் மரண தண்டனை பெற்ற அப்சல் குரு 2013 பிப்ரவரியில் தூக்கிலிடப்பட்டார். அடுத்த ஆண்டு செப்டம்பரில், கேரளத் தேர்தல் வழக்கு ஒன்றில் (அன்வர் எதிர் பஷீர்), 65பி பற்றி 2005 தீர்ப்பு சொன்னது சரியான சட்டமல்ல என்று மூன்று நீதிபதிகள் முடிவு செய்தார்கள். தண்டனை அழைப்புப் பட்டியலை மட்டும் நம்பியதல்ல என்பது உண்மைதான். ஆனாலும் அந்த இரண்டு தேதிகளையும் அடுத்தடுத்துப் படிக்கும்போது எனக்கு ஒப்பவில்லை.

அன்வர் தீர்ப்புக்குப் பிறகு, குற்றம் சாட்டப்பட்டவர்களுக்காக வாதாடும் எங்களுக்கு நல்ல காலம். 21ஆம் பிரிவைச் சொல்லி அசைக்க முடியாததைச் சான்றிதழ் இல்லாத ஒரு தாள் அசைத்தது. 2017இல் சோனு வழக்கு அதிலும் பாதி வாசலை மூடியது. விசாரணை நீதிமன்றத்தில் எதிர்ப்புத் தெரிவிக்காமல் இருந்துவிட்டு, சான்றிதழ் இல்லை என்று அப்பீலில் கிளப்பக் கூடாதாம். கீழே வக்கீல் வாய் திறக்காததற்கு ஆயுள் கைதி சிறையில் விலை கொடுக்கிறார். 2020இல் அர்ஜுன் பண்டித்ராவ் வழக்கு சான்றிதழை மறுபடி உறுதி செய்தது. நகைக்கடைக் கொலை ஒன்றின் சி.சி.டி.வி. பதிவை ஏற்ற எங்கள் சென்னை உயர் நீதிமன்றத் தீர்ப்பும் அதில் அடிபட்டுப் போனது.

இதற்கிடையே அரசமைப்பு வாதத்துக்கும் உயிர் வந்திருந்தது. சம்மதமில்லாமல் நார்கோ சோதனை செய்யக் கூடாது என்று 2010இல் செல்வி வழக்கு தடுத்தது. அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று 2017 ஆகஸ்ட் 24 அன்று ஒன்பது நீதிபதிகள் அறிவித்தபோது, எம்.பி. சர்மா தீர்ப்பில் அந்தரங்க உரிமை இல்லை என்ற பகுதி சரிந்தது. இப்போதைய சண்டை செல்போனின் பாஸ்வேர்டைப் பற்றி. அதைக் கொடுக்கச் சொல்வது சாட்சி சொல்ல வைப்பதாகாது என்று கர்நாடக உயர் நீதிமன்றம் 2021இல் கூறியது. கட்டாயப்படுத்த முடியாது என்று 2022இல் டெல்லி சி.பி.ஐ. சிறப்பு நீதிமன்றம் கூறியது. நான் டெல்லி பக்கம். விரலில் ரேகை எல்லோர் கண்ணுக்கும் தெரிகிறது. பாஸ்வேர்டு என் மண்டைக்குள் இருக்கிறது. காலு ஒகாட் தீர்ப்பு கோடு போட்டதே அந்த இடத்தில்தான்.

2025 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றம் இன்னும் ஒரு படி போனது. ஒரு லஞ்ச வழக்கில் போனை ஒட்டுக்கேட்க 2011இல் உள்துறை பிறப்பித்த உத்தரவை ரத்து செய்தது. பொது அவசர நிலையோ பொதுப் பாதுகாப்புக்கு ஆபத்தோ இருந்தால்தான் தந்திச் சட்டம் அதற்கு இடம் தந்தது. சாதாரணக் குற்றத்தைத் துப்பறிய அந்த அதிகாரம் இல்லை என்றது. பதிவான பேச்சையும் பயன்படுத்தத் தடை. ஒட்டுக்கேட்ட பிறகு, அந்தப் பேச்சைச் சாராமல் திரட்டிய சாட்சியத்துக்கு மட்டும் தடையில்லை. பேச்சை ஒட்டுக்கேட்டுப் போய்ப் பிடித்த பணத்தை எந்தப் பக்கம் சேர்ப்பது என்று இனி விசாரணை நீதிமன்றங்களில் அரசுத் தரப்பும் நாங்களும் மோத வேண்டியதுதான்.