எல்.டி.சி.யில் காசிக்குப் போன தாம்பரம்

2025 ஏப்ரல் 6 அன்று புதிய பாம்பன் பாலம் திறக்கப்பட்டபோது தொடங்கி வைக்கப்பட்ட புது ரயில், ராமேஸ்வரம் – தாம்பரம் ரயில். நம் குடியிருப்பு வாட்ஸ்அப் குழுவில் அன்று முழுவதும் அதே பேச்சுதான். இனி ராமேஸ்வரத்துக்கு நம் தாம்பரத்திலிருந்தே ஒரு வண்டி கிளம்பும் என்று பலருக்கும் மகிழ்ச்சி. எனக்கோ, நம் பகுதிக் குடும்பங்கள் முதன்முதலாக ஊர் சுற்றக் கிளம்பிய காலம் நினைவுக்கு வந்தது. இன்றைய பிள்ளைகளுக்குத் தெரியட்டும் என்று எழுதுகிறேன்.

கடற்கரை – தாம்பரம் மின்சார ரயில் 1931இல் வந்தது. பாரிமுனையில் வேலை, தாம்பரத்திலோ குரோம்பேட்டையிலோ வீடு என்பது அதனால்தான் சாத்தியமாயிற்று. விமானப்படை, ரயில்வே, தபால் இலாகா, மத்திய அரசு அலுவலகங்கள் என்று மாதச் சம்பளக்காரர்கள் இங்கே குடியேறினார்கள். அவர்களுக்குக் கோடை விடுமுறை என்றால் சொந்த ஊர்தான். மே மாதம் மாயவரமோ திருநெல்வேலியோ போய்ப் பள்ளி திறக்கும் முன் திரும்புவார்கள். சுற்றுலா என்ற பேச்சே வீட்டில் எழாது.

அதை மாற்றியது ஒரு அரசாணை. 1956 அக்டோபரில் மத்திய அரசு தன் ஊழியர்களுக்கு விடுமுறைப் பயணச் சலுகையை, அதாவது எல்.டி.சி.யை, அறிவித்தது. தொடக்கத்தில் அது சொந்த ஊருக்கு மட்டும். அதிலும் ஒரு குறிப்பிட்ட தூரம் வரை கட்டணத்தை ஊழியரே ஏற்க வேண்டும். மத்திய அரசு ஊழியரான என் அப்பாவுக்குச் சொந்த ஊர் கும்பகோணம். அது அந்தத் தூரத்துக்குள் அடங்கிவிட்டதால் அவருக்குச் சலுகையால் காலணா பயனில்லை. 1970களில்தான், நான்கு ஆண்டுக்கு ஒருமுறை இந்தியாவில் எங்கு வேண்டுமானாலும் போகலாம் என்ற விதி வந்தது.

1969 ஜூலை 19 அன்று 14 வங்கிகளும், 1980 ஏப்ரலில் மேலும் 6 வங்கிகளும் நாட்டுடைமை ஆயின. கிளைகள் பெருக, ஊழியர்களும் பெருகினார்கள். எங்கள் ஊதிய ஒப்பந்தத்திலும் இதே போன்ற சலுகை உண்டு. அதற்கு எல்.எஃப்.சி. என்று பெயர். இத்தனை ஆண்டுக்கு ஒருமுறை, இத்தனை கிலோமீட்டர் வரை, குடும்பத்தோடு, சம்பளத்துடன் விடுப்பு, ரயில் கட்டணம் வங்கியினுடையது. ஒரு குமாஸ்தாவின் தாயார் தாஜ்மஹாலைப் பார்த்தது இந்த ஒரு விதியால்தான்.

பயணம் சுலபமாக இல்லை. தாம்பரம் வழியே போனது மீட்டர் கேஜ். தெற்கே போக வண்டி நம் வாசலில் நிற்கும். வடக்கே போக வேண்டுமானால் ஹோல்டாலும் தண்ணீர்க் கூஜாவுமாக மின்சார ரயிலில் பார்க் ஸ்டேஷன் வரை போய், சாலையைக் கடந்து சென்ட்ரலில் அகலப் பாதை வண்டி ஏற வேண்டும். டெல்லிக்கு கிராண்ட் ட்ரங்க் எக்ஸ்பிரஸில் இரண்டு இரவுகள்.

விவரம் தெரிந்தவர்கள் சுற்றுப்பயண டிக்கெட் எடுப்பார்கள். கிளம்பிய ஸ்டேஷனுக்கே திரும்பி வரும்படி ஒரே டிக்கெட்; வழியில் எட்டு இடம் வரை இறங்கி ஏறலாம். தூரம் கூடக்கூட கிலோமீட்டருக்கான கட்டணம் குறையும் என்பதால், தனித்தனி டிக்கெட்டைவிட இது மலிவு. ஆனால் கணினி முன்பதிவு வராத அந்த நாளில், அடுத்த ஊரிலிருந்து கிளம்பும் வண்டிக்குத் தந்தி மூலம்தான் இடம் கேட்பார்கள். இடம் கிடைத்ததா என்பது அந்த ஊரில் போய் இறங்கிய பிறகுதான் தெரியும்.

1984இல் அம்மாவை அழைத்துக்கொண்டு ஆக்ரா, டெல்லி, காசி, கல்கத்தா என்று சுற்றி வந்தோம். அப்பா தவறி இரண்டு வருடம் ஆகியிருந்தது. முதல் இரண்டு வேளைக்குப் புளியோதரையும் மிளகாய்ப்பொடி தடவிய இட்லியும். பணத்தைப் பயணக் காசோலையாக மாற்றி, பாதியை அம்மாவின் சுருக்குப்பையில் வைத்திருந்தோம். டெல்லியில் கரோல் பாக்கில் தமிழ்ச் சாப்பாடு கிடைத்தது. காசியில் நாட்டுக்கோட்டை நகரத்தார் சத்திரம் இருக்கவே தங்கும் கவலை இல்லை. கங்கையில் குளித்துக் கரையேறும்போது அம்மா கேட்டார்: "உங்க அப்பா ஆபீஸ்லயும் இது இருந்துச்சே, நாம ஏன் வரலை?"

அன்று எனக்குப் பதில் தெரியவில்லை. பின்னாளில் கிளையில் இந்த பில்களைச் சரிபார்க்கும் வேலை என்னிடம் வந்தபோதுதான் புரிந்தது. சலுகை தருவது கட்டணம் மட்டும். தங்குவதும் சாப்பிடுவதும் கைக்காசு. மூன்று பெண்களுக்குக் கல்யாணம் செய்ய வேண்டியிருந்த அப்பாவிடம் அந்தக் கைக்காசு இல்லை. போகாமலே பில் போட்டவர்களும் இருந்தார்கள், மறைப்பானேன்? அந்தப் பணத்தைப் பையன் காலேஜ் ஃபீஸுக்கு எடுத்துக்கொண்டவர்களும் அதில் உண்டு. தவறுதான். ஆனாலும் அந்த பில்களைப் பார்க்கும்போதெல்லாம் அப்பா ஞாபகம் வரும்.

பிறகு காலம் வேகமாக ஓடியது. கணினி முன்பதிவு வந்தது. 2002 முதல் இணையத்திலேயே டிக்கெட். 2004இல் கடற்கரை – தாம்பரம் மீட்டர் கேஜ் சேவையும் முடிந்தது. இன்று நம் பிள்ளைகளின் சம்பளத்தில் எல்.டி.ஏ. என்று ஒரு வரி இருக்கிறது. பழைய வரி முறையில் இருந்தால் நான்கு ஆண்டில் இரண்டு பயணத்துக்கு வரிவிலக்கு, அதுவும் கட்டணத்துக்கு மட்டும். புதிய முறையில் அதுவும் இல்லை. பணம் இருக்கிறது, லீவுதான் கிடைப்பதில்லை. லீவையும் டிக்கெட்டையும் ஒன்றாகக் கட்டியதுதான் பழைய விதியின் பலம். லீவு எடுத்தால்தான் பணம் என்பதால் வீட்டுத் தலைவர் கிளம்பித்தான் ஆக வேண்டும்.

இதை எழுத இன்னொரு காரணமும் உண்டு. தாம்பரத்திலிருந்து இன்று அசாமின் சில்காட்டுக்கு நேரடி ரயில் போகிறது. நம் வாசலில் நிற்கும் காவலர்களில் சிலர் அந்தப் பக்கத்து ஊர்க்காரர்கள். அவர்கள் ஊருக்குப் போனால் அந்த நாட்களுக்குச் சம்பளம் இல்லை; டிக்கெட்டும் கைக்காசு. டிக்கெட் விஷயத்தில் 1956க்கு முந்தைய நிலை இது. இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை சம்பளத்துடன் விடுப்பும், ஊருக்குப் போய்வர ஸ்லீப்பர் கட்டணமும் தர, பராமரிப்புக் கணக்கில் ஒரு தலைப்பு ஒதுக்கலாம். ஏஜென்சி மூலம் வந்தவர்களுக்கும், வீட்டு வேலை செய்பவர்களுக்கும் எப்படித் தருவது என்பதைப் பேசித் தீர்மானிக்கலாம். வீட்டுக்கு எவ்வளவு ஆகும் என்று நான் ஒரு கணக்குப் போட்டு வைத்திருக்கிறேன். அடுத்த பொதுக்குழுவுக்குக் கொண்டு வருகிறேன். உறுப்பினர்கள் சரிபார்த்துச் சொல்லவும்.