குரோமாட்டின் அமைப்பும் மரபணு வெளிப்பாடும்

குரோமாட்டின் என்பது உட்கருவுள்ள உயிரணுக்களில் டிஎன்ஏவும் ஹிஸ்டோன் முதலிய புரதங்களும் ஆர்என்ஏவும் பின்னிக் கிடக்கும் தொகுப்பு. மனித உயிரணு ஒன்றிலுள்ள டிஎன்ஏவை நீட்டிப் பிடித்தால் ஏறத்தாழ 2 மீட்டர் வரும். அது அடங்கியிருக்கும் உட்கருவின் விட்டமோ மீட்டரில் லட்சத்தில் ஒரு பங்கு அளவே. இவ்வளவு நீளத்தை இவ்வளவு சிறிய இடத்தில் மடித்துவைப்பதே பெரிய காரியம்தான். ஆனால் குரோமாட்டின் செய்வது அதற்கும் மேல்: கல்லீரல் அணுவும் நரம்பணுவும் ஒரே டிஎன்ஏவை வைத்துக்கொண்டு வெவ்வேறு மரபணுக்களை இயக்குவதில் அதற்குப் பெரும் பங்கு உண்டு.

இதன் அடிப்படை அலகு நியூக்ளியோசோம். எச்2ஏ, எச்2பி, எச்3, எச்4 என்ற நான்கு ஹிஸ்டோன்கள் இரண்டிரண்டாகச் சேர்ந்த உருளையின்மேல், 147 காரஇணை நீளமுள்ள டிஎன்ஏ பம்பரத்தில் கயிறு சுற்றியதுபோல இரண்டு சுற்றுக்குச் சற்றுக் குறைவாகச் சுற்றியிருக்கிறது. ரோஜர் கோர்ன்பெர்க் 1974இல் முன்வைத்த இந்த அமைப்பு, 1997இல் எக்ஸ் கதிர்ப் படிகவியல் மூலம் 2.8 ஆங்ஸ்ட்ராம் துல்லியத்தில் தெளிவானது. படியெடுக்கும் நொதியான ஆர்என்ஏ பாலிமரேஸ் மரபணுவின் தொடக்கப் பகுதியில் அமர வேண்டும். அப்பகுதியை நியூக்ளியோசோம் மூடியிருந்தால் அமர்வது கடினம். ஏடிபி ஆற்றலைச் செலவழித்து நியூக்ளியோசோமை நகர்த்தவும் கழற்றவும் எஸ்டபிள்யூஐ/எஸ்என்எஃப் போன்ற புரதக் கூட்டங்கள் உள்ளன.

மரபணு எட்டும்படி இருக்கிறதா என்பதை நேரடியாகச் சோதித்தவர்கள் ஹெரால்ட் வெயின்ட்ராபும் மார்க் குரூடினும். 1976இல் வெளியான அவர்களது சோதனை இத்துறையில் ஆகச் சிறந்தவற்றுள் ஒன்று. கோழியின் சிவப்பணுவுக்கு, நம்முடையதைப் போலன்றி, உட்கரு உண்டு. அந்த உட்கருக்களில் டிஎன்ஏவை வெட்டும் டிஎன்ஏஸ் 1 என்ற நொதியைச் சிறிதளவு விட்டார்கள். சிவப்பணு உண்டாக்கும் குளோபின் புரதத்தின் மரபணு மற்ற டிஎன்ஏவைவிட விரைவாகச் சிதைந்தது. முட்டை வெண்கருப் புரதத்துக்கான ஓவால்புமின் மரபணுவோ அப்படிச் சிதையவில்லை. சிவப்பணுவுக்கு அது தேவையில்லை. குளோபினை உண்டாக்காத வேறு திசுக்களின் உட்கருவில் அதே குளோபின் மரபணுவும் தாக்குப்பிடித்தது. டிஎன்ஏ வரிசை ஒன்றே. வேறுபட்டது அதன் பொதிவு மட்டுமே.

நெருக்கமாகப் பொதிந்த பகுதி ஹெட்டரோகுரோமாட்டின், தளர்ந்தது யூகுரோமாட்டின். சாயமேற்றிய பாசித் தாவர அணுக்களைப் பார்த்து 1928இல் எமில் ஹைட்ஸ் இவற்றைப் பிரித்தறிந்தார். பொதிவு மரபணுவை அடக்கும் என்பதற்கு அழகிய சான்று பழ ஈயின் கண். அதன் சிவப்பு நிறத்துக்கு ஒயிட் என்ற மரபணு வேண்டும். ஹெர்மன் முல்லர் 1930இல் எக்ஸ் கதிர் பாய்ச்சி உண்டாக்கிய சில ஈக்களில், குரோமோசோம் முறிந்து திரும்பி ஒட்டியதால் அந்த மரபணு சிதையாமலே ஹெட்டரோகுரோமாட்டினுக்குப் பக்கத்தில் போய்ச் சேர்ந்தது. கண்ணில் சிவப்பும் வெள்ளையுமாகத் திட்டுகள் தோன்றின. வெள்ளைத் திட்டில் பொதிவு மரபணுமீது பரவிவிட்டது, சிவப்பில் பரவவில்லை. தனித்தனிப் புள்ளிகளாக இல்லாமல் திட்டுகளாக இருப்பதையும் கவனிக்க வேண்டும்: ஓர் அணுவில் அமைந்த நிலை, அது பிரிந்து உண்டாகும் சேய் அணுக்களுக்கும் தொடர்கிறது.

இந்தத் திட்டுகளைக் குறைக்கும் சடுதிமாற்றங்களைத் தேடியபோது அகப்பட்ட மரபணுக்களில் ஒன்று எஸ்யூ(வார்)3-9. அதன் மனித வடிவம் எச்3 ஹிஸ்டோனின் வால்பகுதியில் ஒன்பதாவது அமினோ அமிலமான லைசின்மீது மெத்தில் தொகுதியை ஏற்றும் நொதி என்று தாமஸ் யெனுவைன் குழு 2000இல் காட்டியது. அந்தக் குறியில் எச்பி1 என்ற புரதம் வந்து ஒட்டிப் பொதிவை இறுக்குகிறது. அசெட்டைல் தொகுதி இதற்கு எதிர்த்திசையில் வேலை செய்கிறது. லைசினின் நேர்மின்னேற்றத்தை நீக்கி, எதிர்மின்னேற்றமுள்ள டிஎன்ஏமீது ஹிஸ்டோன் கொண்ட பிடியைத் தளர்த்துகிறது. 1964இலேயே வின்சென்ட் ஆல்ஃப்ரி இதை ஊகித்திருந்தார். டேவிட் ஆலிஸ் 1996இல் டெட்ராஹைமினா என்ற ஒற்றையணு உயிரியிலிருந்து பிரித்த அசெட்டைலேற்றும் நொதி, ஈஸ்ட்டில் மரபணுக்களைத் தூண்டுவதாக முன்பே தெரிந்திருந்த ஜிசிஎன்5 புரதத்தின் இணையாக இருந்தது. ஹிஸ்டோன் வேதியியலும் மரபணு ஒழுங்குமுறையும் ஒரே கதை என்று பலர் ஒப்புக்கொண்டது அதன் பிறகுதான். ஆனாலும் எல்லாக் குறிகளும் மரபணுவை இயக்கும் காரணங்கள் அல்ல. சில, படியெடுப்பு நடந்ததன் விளைவாகவே பதிகின்றன.

பாலூட்டிகளின் பெண் அணுக்களில் இரண்டு எக்ஸ் குரோமோசோம்களில் ஒன்று முழுவதுமே நெருக்கமாகப் பொதிந்து அடக்கப்படுகிறது. 1961இல் மேரி லயன் முன்வைத்த இக்கருத்து, மூன்று நிறப் பூனைகள் பெரும்பாலும் பெண்ணாகவே இருப்பதன் காரணத்தையும் விளக்குகிறது.

குரோமாட்டினின் கோளாறு நோயிலும் தெரிகிறது: நியூக்ளியோசோமை நகர்த்தும் எஸ்டபிள்யூஐ/எஸ்என்எஃப் கூட்டத்தின் மரபணுக்கள் மனிதப் புற்றுநோய்களில் ஏறத்தாழ ஐந்தில் ஒன்றில் சிதைந்துள்ளன. ஹிஸ்டோனிலிருந்து அசெட்டைலை நீக்கும் நொதிகளைத் தடுக்கும் வோரினோஸ்டாட், தோலில் தோன்றும் ஒருவகை டி அணு லிம்போமாவுக்கு 2006இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. அந்த நொதிகள் ஹிஸ்டோன் அல்லாத பல புரதங்களிலிருந்தும் அசெட்டைலை நீக்குகின்றன. ஆகவே மருந்தின் பயன் முழுவதையும் குரோமாட்டின் தளர்ந்ததன் கணக்கில் எழுத முடியாது.